எங்கள் ஊரின் கதை எந்த அலுமாரியில்?

"நூலகத்துக்கு நான் போய் என்ன செய்யிறது, பிள்ளை?"

மாதர் சங்கக் கூட்டங்களில் நூலகம் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் முதல் பதில் இதுதான். நூலகம் என்பது பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கும், ஓய்வூதியம் பெற்றபின் பொழுதைப் போக்க வரும் ஐயாமாருக்கும் உரிய இடம் என்றே எமது பெண்களில் பலர் எண்ணுகின்றனர். ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாங்குகளில் காலையில் பத்திரிகையை விரித்தபடி இருப்போரைப் பாருங்கள். அங்கே ஒரு பெண்ணைக் காண்பது அரிது. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்பாள், அல்லது பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். வாசிகசாலை திறந்திருக்கும் நேரமும் அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் ஒருநாளும் பொருந்துவதில்லை.

ஆனாலும் சகோதரிகளே, பரீட்சையைத் தவிர நூலகத்துக்குப் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உங்கள் ஊர் அங்கே இருக்கிறது. உங்கள் அம்மா படித்த பள்ளிக்கூடம், அம்மம்மா பாய் விரித்திருந்து விடியவிடியக் கூத்துப் பார்த்த கோயில் வீதி, இன்று பெயர்கூட மறந்துபோன சந்திக் கடை எல்லாம் ஏதோ ஓர் அலுமாரியின் அடித்தட்டில் இருக்கக்கூடும். அவற்றைத் தேடிப் போன சில பெண்களைப் பற்றியே இந்த மாதம் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் கிராமங்களில் ஒரு பகுதி வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 ஜூன் மாதத்தில் அங்கிருந்த மக்கள் உடுத்த உடுப்புடன் வெளியேறினார்கள். பின்னர் அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் 2009இல் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் விடுபட்டது. இன்னும் விடுபடாத காணிகளும் உண்டு. இடையில் கழிந்தது ஒரு தலைமுறைக் காலம். நலன்புரி நிலையத்தில் பிறந்து, அங்கேயே பெரிய பிள்ளையாகி, கலியாணமும் முடித்து, இடுப்பில் குழந்தையுடன் "சொந்த ஊருக்கு" முதன்முதலாக வந்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

வந்தவர்களுக்கு ஊர் அடையாளம் தெரியவில்லை. எங்கும் பற்றை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும், சில இடங்களில் அதுவும் இல்லை. கிணறுகள் தூர்ந்து கிடந்தன. வேலிகள் இருந்த தடமே கிடையாது. "அம்மா சொல்லுற ஊர் வேறை, நான் பாக்கிற ஊர் வேறை, மிஸ். ஒழுங்கை எண்டு அம்மா சொன்ன இடத்திலை எனக்கு ஈச்சம்பத்தைதான் தெரியுது" என்றாள் ஓர் இளந்தாய். மனிதன் தனியாக நினைவு வைத்திருப்பதில்லை, தன்னைச் சூழ்ந்த கூட்டத்தோடும் இடத்தோடும் சேர்ந்தே நினைவு வைத்திருக்கிறான் என்று ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக மனனம் செய்தோம். அந்தப் பெண்ணின் வார்த்தையில்தான் அது எனக்கு விளங்கியது.

எனவே ஒரு திட்டம் போட்டோம். மூத்த பெண்கள் மூவர், இளையவர்கள் மூவர், நான் என ஏழு பேர் பஸ் ஏறி யாழ். பொது நூலகத்துக்குப் போனோம். எங்கள் ஊரைப் பற்றி அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதே நோக்கம்.

அந்த நூலகத்தின் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். ஏனெனில் அதுவே வீடுகளிலிருந்து பிறந்த ஒன்று. 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தமது வீட்டிலிருந்த நூல்களை அயலவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அறிஞர் சிலர் சேர்ந்து குழு அமைத்தனர். 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் அது பொது நூலகமாயிற்று. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த திட்டத்தின்படியும், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையுடனும் எழுந்த பெரிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அது எரியூட்டப்பட்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும்.

யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அந்த நெருப்பில் போனது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1736ஆம் ஆண்டளவில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்நூல் 1879இலேயே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அச்சாகிவிட்டது. தமிழிலும் பல பதிப்புகள் வந்துள்ளன. இன்றும் வாசிக்கலாம். பெயர் பெற்ற நூல்களுக்கு வேறிடத்தில் இன்னொரு பிரதி இருக்கும். பெயர் தெரியாதவற்றுக்கு அப்படி இல்லை. கையெழுத்துச் சுவடிகள், நூறோ இருநூறோ பிரதி மட்டும் அச்சிட்ட ஊர் மலர்கள், சிறு சங்கங்களின் அறிக்கைகள், இவைதான் போனால் போனவை. இதைப்பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டடம் மீள எழுப்பப்பட்டபோது அலுமாரிகளை மறுபடி நிரப்பியவர்களில் தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்த சாதாரண மக்களும் உண்டு.

உசாத்துணைப் பகுதியில் எங்களுக்கு முதலில் எடுத்துத் தரப்பட்டவை பெரிய சரித்திர நூல்கள். முதலியார் இராசநாயகத்தின் 1926ஆம் ஆண்டு ஆங்கில நூலும் 1933இல் அவர் தமிழில் எழுதிய யாழ்ப்பாணச் சரித்திரமும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் எழுதிய வைபவ விமர்சனமும் அவற்றுள் இருந்தன. மதிப்புக்குரிய உழைப்புத்தான். ஆனால் எங்களுடன் வந்த மூத்தவர் ஒருவர் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, "இதிலை ராசாக்கள்தான் இருக்கினம். எங்கடை ஒழுங்கையிலை ராசா இருக்கேல்லைத் தானே" என்று மூடி வைத்துவிட்டார். அதைக் கேட்ட நூலக உத்தியோகத்தர் சிரித்துவிட்டு, "அம்மா, நீங்கள் படிச்ச பள்ளிக்கூடம் எது? உங்கடை கோயில் எது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு மலர் வந்தது. கோயிலின் பெயரைச் சொன்னதும் கும்பாபிஷேக மலர் ஒன்று வந்தது. பிறகு கூட்டுறவுச் சங்கத்தின் வெள்ளிவிழா மலர், அயற்கிராமத்துச் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலர். எமது பிரதேசத்தில் எதற்கும் மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. அதைக் கேலி செய்வோரும் உண்டு. முதல் இருபது பக்கத்தில் அரசாங்க அதிபர் முதல் ஆதீன முதல்வர் வரை எல்லோரும் அனேகமாக ஒரே வாழ்த்தையே எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கங்களைத் துணிந்து தாண்டிவிடுங்கள். அதற்கப்பால் "எமது கிராமம், ஒரு நோக்கு" என்ற மாதிரித் தலைப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை பெரும்பாலும் இருக்கும். ஊரின் நான்கு எல்லை, குளம், கேணி, சுமைதாங்கி, எந்தக் குறிச்சியில் எவர் எந்தத் தொழில் செய்தார், எந்த ஆண்டுப் புயலில் எந்த மரம் விழுந்தது எனச் சரித்திர நூல்கள் சொல்லாத அத்தனையும் அதில் கிடைக்கும். கடைசிப் பக்கங்களில் உள்ள விளம்பரங்களையும் விடாதீர்கள். புடைவைக் கடை, படப்பிடிப்பு நிலையம், சைக்கிள் திருத்துமிடம், தையல் வகுப்பு என்று ஒரு சந்தியின் முழு நடமாட்டமும் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் சம்பளம் போடும் நாளில் எந்தக் கடையில் கூட்டம் அலைமோதும் என்று எங்கள் மூத்தவர்கள் ஒரு விளம்பரத்தைப் பார்த்தபடியே அரைமணி நேரம் கதைத்தார்கள். உத்தியோகத்தர் வந்து குரலைத் தாழ்த்தச் சொல்லவேண்டியதாயிற்று.

ஈச்சம்பற்றையைப் பற்றிச் சொன்ன அந்த இளந்தாய் பள்ளிக்கூட மலரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். விளையாட்டு அணிகளின் படங்கள் உள்ள பக்கத்தில் கை நின்றுவிட்டது. வலைப்பந்தாட்ட அணி. "நிற்போர் இடமிருந்து வலம்" என்று கீழே பெயர்கள். மூன்றாவது பெயர் அவளுடைய தாயின் பெயர். இரட்டைப் பின்னல், மடிப்புப் பாவாடை, வெறுங்கால். பதினைந்து பதினாறு வயதிருக்கும். தாய் நலன்புரி நிலையத்திலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார். 1990இல் வீட்டை விட்டு ஓடியபோது படங்கள் எதையும் எடுக்கவில்லை. அடையாள அட்டைப் படத்தைத் தவிர, தாயின் இளவயது முகத்தை மகள் கண்டதே இல்லை.

"அம்மா விளையாடினவ எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மூத்தவர்களில் ஒருவர் அருகில் வந்து பார்த்து, "ஓமடி பிள்ளை, இவதான் சென்ரர். என்ன ஓட்டம் தெரியுமே!" என்றார். பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் முகம் அவ்வளவு தெளிவில்லை. பிறகு ஒருநாள் கைத்தொலைபேசியில் நல்ல படமாக எடுக்க அனுமதி கேட்டு எடுத்துக் கொடுத்தோம்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்த மலர்களில் ஒரு பெண்ணைப் பெயர் கொண்டு கண்டுபிடிப்பது எளிதல்ல. கோயில் மலரின் உபயகாரர் பட்டியலில் எல்லாம் ஆண் பெயர்கள், அல்லது "குடும்பத்தினர்". சங்க நிர்வாக சபையில் ஆண்கள். ஒரு பெண் நன்கொடை கொடுத்திருந்தால் "திருமதி" என்ற சொல்லுக்குப் பின்னால் கணவனின் பெயர். பொங்கல் பானை வைத்தவர், மாலை கட்டியவர், அன்னதானத்துக்கு விடிய மூன்று மணிக்கு மரக்கறி வெட்டியவர், எவருடைய பெயரும் இல்லை. பெண்கள் தம் சொந்தப் பெயருடன் வருவது மூன்று நான்கு இடங்களில் மட்டுமே என்பதை எங்கள் குழுவினரே கண்டுபிடித்தனர்: ஆசிரியர் பட்டியல், விளையாட்டு அணி, கோலப் போட்டி முடிவுகள், தையற் கண்காட்சிப் பரிசுகள். ஆகவே உங்கள் அம்மாவையோ அம்மம்மாவையோ தேடுகிறீர்களானால் அந்தப் பக்கங்களை முதலில் பாருங்கள்.

எல்லா ஊருக்கும் மலர் இல்லை என்பதும் உண்மை. மலர் வெளியிடக் காசும், எழுதத் தெரிந்தவர்களும், கோயிலில் உரிமையும் இருந்த குடிகளின் கதைதான் மலர்களில் நிறைய உண்டு. கோயிலுக்குள் நுழையவே விடப்படாத மக்களின் கதையைக் கோயில் மலரில் தேடிப் பயனில்லை. மாவிட்டபுரத்தில் 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் போன்றவற்றை அக்காலப் பத்திரிகைகளிலும் இயக்கங்களின் வெளியீடுகளிலும்தான் தேட வேண்டும். எங்கள் குழுவில் வந்த ஒருவருடைய குறிச்சி எந்த மலரிலும் ஒரு வரிகூட இல்லை. அவர் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "எங்களை ஆர் எழுதினவை" என்று மட்டும் சொன்னார். அவருடைய குறிச்சிக்காக நாங்கள் என்ன செய்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மலர்களுக்கு அடுத்தபடியாக எங்களுக்குப் பயன்பட்டவை கல்வெட்டுகள். பிறதேசத்தவருக்கு இச்சொல் கோயிற் சுவரில் உள்ள எழுத்தைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தவருக்கு அது இறந்தவரின் அந்தியேட்டியன்று படித்துக் கொடுக்கப்படும் சிறு நூல். தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, புலம்பல் எனத் தொடரும் அதில் வம்ச வரிசை ஒன்றும் இருக்கும். வீட்டுக்கு வீடு அலுமாரியின் மேல் ஒரு கட்டாவது கிடக்கும். வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சிலர் எறிந்தும் விடுகின்றனர். உண்மையில் ஓர் ஊரின் உறவுமுறையை அறிய இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. வம்ச வரிசையில் பெண்களை ஒதுக்க முடியாது. யாருக்கு யார் மகள், எந்த ஊருக்கு மருமகளாகப் போனாள் என்று எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு வம்சாவளியை நான் விரலால் கோடு பிடித்து வாசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மூத்தவர்கள், "இவ அவவின்ரை சின்னம்மான்ரை மகள், இவையள் கீரிமலைப் பக்கம் கட்டினவை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்கள். பட்டம் பெற்ற நான் மாணவியாக இருந்து கேட்டேன்.

அன்று நாங்கள் கலை பற்றிய நூல்களையும் பார்த்தோம். அங்கே எனக்கு மனதில் நின்றது கனகி புராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடிய கனகி என்ற பெண்ணைப் பற்றி நட்டுவச் சுப்பையனார் பாடிய நையாண்டி நூல் அது. முழுவதும் கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்களுக்காக இலக்கியகாரர் அதைப் பாராட்டுகின்றனர், எள்ளல் சிறப்பாக இருக்கிறதாம். என் அபிப்பிராயம் வேறு. அக்காலத்து ஆடற்கலைஞர் ஒருத்தி பெயருடன் நமக்குக் கிடைக்கிறாள். ஆனால் அவள் எதை ஆடினாள், யாரிடம் பயின்றாள், எப்படி ஆடினாள் என்று அந்நூல் சொல்லவில்லை. அவளிடம் போன ஆண்களைப் பற்றிச் சிரிப்பதற்கே அவள் தேவைப்பட்டாள். 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' என்ற பத்திரிகையை நடத்தத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்துப் பெண் தன்னைப் பற்றித் தானே எழுத ஓரிடம் கிடைத்தது. அதற்கு முன் அவளைப் பற்றி எழுதியவர்கள் யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டுக்கொண்டே வாசிப்பது நல்லது.

ஓவியர் அ. மாற்குவைப் பற்றிய 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூலையும் தேடிப் பாருங்கள். குருநகரில் 1933இல் பிறந்து 2000இல் மறைந்த அவர் யாழ்ப்பாணத்தில் பல இளையோருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கும், ஓவியம் கற்பித்தவர். அந்நூல் 1987இல் வெளிவந்தது. 1995 இடப்பெயர்வில் அவருடைய ஓவியங்கள் பல தொலைந்துபோயின. படம் போய்விட்டது, படத்தைப் பற்றிய புத்தகம் இருக்கிறது. எமது கலை வரலாற்றில் பலவற்றின் நிலை இதுதான்.

நூலகக் கட்டடமே ஒருமுறை கலைக்கூடமாகவும் இருந்தது. 2004இல் அங்கே நடந்த 'அகம் புறம்' என்ற கண்காட்சியில் ஓவியர் தா. சனாதனன் யாழ்ப்பாண வீடுகளிலிருந்து சேகரித்த சிறு சிறு பொருள்களை வரிசையாக வைத்திருந்தார். புத்தகங்கள் எரிந்த இடத்தில் வீட்டுப் பொருள்கள். அவரே பின்னர் செய்த இன்னொரு வேலை எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாயிற்று. போரினால் இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்கள் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைய, அதனருகே கட்டடக் கலைஞர் வரைந்த திருத்தமான படமும் ஓவியரின் சித்திரமும் சேர்ந்து 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் 2011இல் நூலாக வந்தது.

தோம்பு என்ற சொல் உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு அது. பழைய உறுதிகளில் அச்சொல்லைக் கண்டிருப்பீர்கள். உறுதியில் காணிக்கு ஒரு பெயரும் இருக்கும், இத்தனை பரப்பு என்ற அளவும் நான்கு எல்லையும் இருக்கும். அதே ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்டதுதான் தேசவழமை. சீதனமாக வீடுவளவு பெண்பிள்ளைக்குப் போகும் வழக்கத்தை அது எழுத்தில் வைத்தது. ஆகவே எங்கள் பக்கத்து வளவுகள் பலவற்றின் கதை தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என வரும் கதை. அதே சட்டப்படி அந்தப் பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது வேறு கதை. அதை இன்னொரு மாதம் விரிவாகப் பேசவேண்டும்.

நூலகத்திலிருந்து திரும்பியபின் மாதர் சங்கக் கட்டடத்தில் பெரிய பிறிஸ்டல் அட்டைகளை விரித்து மூத்தவர்களிடம் பேனையைக் கொடுத்தோம். "எனக்குக் கீறத் தெரியாது" என்று தொடங்கியவர்கள் மாலை வரை எழும்பவில்லை. வீட்டின் அறைகளை விடக் கிணற்றடி, அடுப்படி, ஆட்டுக்கொட்டில், உரல் இருந்த இடம், சங்கடப் படலை, பக்கத்து வீட்டுக்குப் போகும் வேலிப் பொட்டு ஆகியவையே முதலில் வந்தன. இது எனக்கு வியப்பாக இருந்தது. ஓர் ஆணிடம் கேட்டிருந்தால் வீதியிலிருந்தும் படலையிலிருந்தும் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். எவரும் எழுதாத குறிச்சியைச் சேர்ந்த அந்தப் பெண், பன்னவேலை செய்ய எந்தெந்தப் பனைகளில் சார்வோலை எடுத்தார்கள், கடகம் யார் பின்னினார், நீற்றுப்பெட்டி யார் பின்னினார், கொட்டைப்பெட்டிக்குச் சாயமிடும் கைப்பக்குவம் யாருக்கு வாய்த்திருந்தது என்று பெயர் பெயராகச் சொன்னார். இளையவள் ஒருத்தி கொப்பியில் எழுதினாள். அந்தக் கொப்பியைத் தட்டச்சுச் செய்து வருகிறோம்.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். பெரிய செலவில்லை. முதலில் உங்கள் பிரதேச சபை நூலகத்தைக் கேளுங்கள், பிறகு யாழ். பொது நூலகம். போவதற்கு முன் ஊர்ப் பெயர், பள்ளிக்கூடம், கோயில் அல்லது தேவாலயம், சங்கம் ஆகியவற்றின் பழைய பெயர்களை எழுதிக்கொண்டு போனால் தேடுவது எளிது. பள்ளிக்கூடங்களின் பெயர்கள் பலமுறை மாறியிருக்கின்றன. வயதான ஒருவரைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள், படத்தில் பெயர் அச்சிடப்படாத முகங்களை அவர்தான் அடையாளம் சொல்வார். நகரத்துக்குப் போக முடியாதவர்கள் 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், மலர்கள், நினைவு மலர்கள் எனப் பல்லாயிரம் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மகனிடமோ மகளிடமோ ஒருமுறை காட்டித் தரச் சொல்லுங்கள்.

கொடுப்பதற்கும் உங்களிடம் இருக்கிறது. றங்குப்பெட்டியில் உள்ள மலர், கல்வெட்டு, சங்க அறிக்கை, கலியாண வாழ்த்துப்பா எதையும் குப்பையில் போடாதீர்கள். மூலத்தைக் கொடுக்க மனமில்லாவிட்டால் பிரதியைக் கொடுங்கள். கொடுக்குமுன் குடும்பத்தில் மற்றவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும், வெளிநாட்டில் யார் எங்கே என்ற விபரமும் இருக்கும். எல்லோரும் அதை விரும்பமாட்டார்கள். பழைய படங்களின் பின்புறத்தில் பெயரை மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள், குமிழ்முனைப் பேனையின் அழுத்தம் முன்புறத்தில் தெரியும். பெண்களின் பெயரை அவர்களுடைய சொந்தப் பெயராகவே எழுதுங்கள்.

எங்கள் குழு இப்போது ஊர்க் கிணறுகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கிறது. நல்ல தண்ணீர்க் கிணறு எது, உவர் எது, யார் யார் அள்ளலாம் என்று எந்தக் கிணற்றில் சண்டை நடந்தது, எது எந்த ஆண்டில் தூர்ந்தது என்று மூத்தவர்கள் சொல்லச் சொல்ல இளையவர்கள் எழுதுகிறார்கள். வலைப்பந்தாட்ட அணியில் நின்றவரின் மகள்தான் கொப்பிக்குப் பொறுப்பு. தன் தாயின் சீதன வளவில் இருந்த கிணற்றைப் பற்றைக்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். வாயை மூடியிருந்த கல்லை அகற்ற ஆள் பிடிக்க வேண்டும் என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னாள்.